நோயாளியின் அறையில் கேமரா: தொலைவிலிருந்து பாதுகாப்பாகப் பார்ப்பது எப்படி?

இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை பெற்றவர், பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவர், மறதிநோய் கண்ட முதியவர் ஆகியோர் மருத்துவமனையில் தங்கும் நாட்களைவிட வீட்டில் தேறும் நாட்களே மிகுதி. அந்நாட்கள் முழுவதும் மகனோ மகளோ அருகில் இருப்பது எல்லாக் குடும்பங்களுக்கும் இயல்வதன்று. பெற்றோர் தஞ்சாவூரிலும் பிள்ளைகள் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பது இன்று பரவலான நிலை. ஆகவே, நோயாளியின் அறையில் ஒரு கேமராவைப் பொருத்தி, அதைக் கைபேசியில் பார்க்கும் வழக்கம் பெருகியுள்ளது.

இது பயனுள்ள ஏற்பாடே. ஆயினும் நாம் பார்ப்பதற்கென்று திறக்கும் வழி, கவனமின்றித் திறக்கப்பட்டால், முன்பின் அறியாதவர்களுக்கும் திறந்துவிடும். படுக்கையில் இருப்பவரோ எழுந்து சென்று அதை மூடும் நிலையில் இல்லை. எனவே இணைக்கும் முறையையும், அதைக் காக்கும் முறையையும், கேமராவிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் நோயாளியின் சம்மதம்

கேமராவை வாங்குவதற்கு முன் நோயாளியிடம் பேசுங்கள். படுக்கையில் இருப்பவருக்கு அந்த அறையிலேயே உடை மாற்றப்படுகிறது, உடல் துடைக்கப்படுகிறது, டயப்பர் மாற்றப்படுகிறது. இவற்றைப் பிள்ளைகள் பார்ப்பதைக்கூடப் பல முதியவர்கள் விரும்புவதில்லை. யார் யார் பார்ப்பார்கள், எந்நேரங்களில் பார்ப்பார்கள், காட்சி பதிவாகுமா, ஒலியும் கேட்குமா என்பவற்றை அவருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால், படுக்கையருகே அழைப்பு மணி வைத்தல், குறித்த நேரங்களில் தொலைபேசியில் பேசுதல், கூடத்தில் மட்டும் கேமரா பொருத்துதல் போன்ற மாற்று வழிகளை ஆராயலாம்.

மறதிநோய் கண்டவரால் தம் விருப்பத்தை முழுமையாகத் தெரிவிக்க இயலாமல் போகலாம். அப்போதும் எளிய சொற்களில் அவருக்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும். நலமாக இருந்த காலத்தில் அவர் இதை ஏற்றிருப்பாரா என்ற கேள்வியைக் குடும்பத்தினர் கூடிப் பேசி முடிவெடுப்பது நன்று.

வீட்டிற்கு வரும் செவிலியருக்கும் பணிப்பெண்ணுக்கும் கேமரா இருப்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். உடல் துடைக்கும் நேரத்திலும் உடை மாற்றும் நேரத்திலும் கேமராவை மூடிவைக்க அவர்களுக்கு உரிமை தாருங்கள். கண்ணாடியின் மேல் போடும் சிறு துணியுறையே இதற்குப் போதுமானது. குளியலறையிலும் கழிப்பறையிலும் எக்காரணம் கொண்டும் கேமரா கூடாது.

தனிமையுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி குற்றமாகும். மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையோ, இரண்டு லட்சம் ரூபாய்க்கு மிகாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

வீட்டிலுள்ள கேமரா வெளியிலிருந்து தெரியாதது ஏன்?

வீட்டிலுள்ள கைபேசி, தொலைக்காட்சி, கேமரா ஆகிய ஒவ்வொன்றுக்கும் ரவுட்டர் ஓர் எண் முகவரியை அளிக்கிறது. அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். இம்முகவரி வீட்டிற்குள் மட்டுமே செல்லும். வெளியுலகிற்குத் தெரிவது ரவுட்டரின் முகவரி ஒன்றே.

இதை அடுக்குமாடிக் குடியிருப்போடு ஒப்பிடலாம். தபால்காரருக்குத் தெரிவது கட்டடத்தின் கதவு எண். உள்ளே எந்த வீடு எங்குள்ளது என்பது வாயிற்காவலருக்கே தெரியும். உள்ளிருப்பவர் யாரையேனும் அழைத்திருந்தால், வருபவரைக் காவலர் உள்ளே விடுவார். அழைப்பின்றி வருபவரைத் திருப்பி அனுப்புவார். ரவுட்டர் செய்வதும் இதுவே. வெளியூரிலிருந்து நீங்கள் நேரடியாகக் கேமராவைத் தேடி வந்தால், ரவுட்டர் உங்களையும் அந்நியராகவே கருதும்.

இன்னொரு தடையும் உண்டு. பழைய முறை இணைய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடியே. உலகின் தேவைக்கு அவை போதாமையால், இணைய சேவை நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைப் பகிர்ந்தளிக்கின்றன. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் காணப்படும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், உங்கள் வீடும் அவ்வாறு பகிரப்பட்ட முகவரியில் உள்ளது என்று அறியலாம். அந்நிலையில், உங்கள் ரவுட்டரில் என்ன மாற்றம் செய்தாலும் வெளியிலிருந்து நேரடியாக உள்ளே வர இயலாது.

உள்ளே வரும் மூன்று வழிகள்

முதல் வழி, கேமரா நிறுவனத்தின் செயலி. இதில் கேமராவே வெளியே சென்று நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு கொள்கிறது. உங்கள் கைபேசியும் அதே சர்வரை அணுகுகிறது. சர்வர் இவ்விரண்டையும் இணைத்துவைக்கிறது. ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. பகிரப்பட்ட முகவரியும் தடையாகாது. பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்ற வழி இதுவே. ஆனால் உங்கள் காட்சி அந்நிறுவனத்தின் நேர்மையையும் திறமையையும் நம்பியிருக்கிறது. ரிங் என்னும் நிறுவனம் தன் ஊழியர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும் வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட காட்சிகளைப் பார்க்க இடமளித்தது என்று அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2023 மே மாதம் குற்றஞ்சாட்டியது. அந்நிறுவனம் 58 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

இரண்டாம் வழி, போர்ட் ஃபார்வர்டிங். “இந்த எண்ணைச் சொல்லி யார் வந்தாலும் நேரே கேமராவிடம் அனுப்பு” என்று ரவுட்டருக்கு நிரந்தர ஆணை இடுவது இது. அமைப்பது எளிது, ஆகவே கேமரா பொருத்த வருவோர் சிலர் இன்றும் இதைச் செய்கின்றனர். ஆனால் காவலர் உங்களை மட்டுமல்ல, வருவோர் அனைவரையும் கேமராவின் வாசல்வரை அனுப்பிவிடுவார். இணையம் முழுவதையும் தானாகத் தேடி, திறந்திருக்கும் கேமராக்களைக் கண்டுபிடிக்கும் நிரல்கள் இரவு பகலாக இயங்குகின்றன. நோயாளியின் அறைக்கு இவ்வழி வேண்டாம்.

மூன்றாம் வழி, வி.பி.என். உங்கள் கைபேசிக்கும் வீட்டு ரவுட்டருக்கும் இடையே மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு தனிப்பாதை அமைக்கப்படுகிறது. அதற்குரிய திறவுகோல் உள்ள கைபேசி மட்டுமே உள்ளே வர இயலும். வந்தபின், வீட்டில் இருப்பதுபோலவே கேமராவைக் காணலாம். சில ரவுட்டர்களில் ஓப்பன் வி.பி.என். அல்லது வயர்கார்டு என்னும் வசதி இதற்கென்றே உள்ளது. பொது முகவரி பகிரப்பட்டிருந்தால், டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் உதவும். ஆனால் வீட்டில் எப்போதும் இயங்கும் சிறு கணினி ஒன்று வேண்டும். மூன்றினுள் மிகுந்த பாதுகாப்புடையது இதுவே. அமைப்பதற்குக் கணினி அறிவுள்ள ஒருவரின் துணை தேவைப்படும்.

கவனக்குறைவு எங்கே கொண்டுசெல்லும்?

2012 ஜனவரியில், டிரெண்ட்நெட் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் கேமராக்களில் இருந்த மென்பொருள் பிழையைப் பயன்படுத்தி, ஏறத்தாழ 700 கேமராக்களின் நேரடிக் காட்சிகளுக்கான இணைப்புகள் இணையத்தில் வெளியிடப்பட்டன. தொட்டிலில் உறங்கும் குழந்தைகளையும், வீட்டில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் எவரும் காண முடிந்தது. அவர்கள் கடவுச்சொல் வைத்திருந்தும் பயனில்லை. பிழை கேமராவின் மென்பொருளில் இருந்தது. அதனால்தான் மென்பொருளைப் புதுப்பித்தல் கடவுச்சொல்லைப் போலவே இன்றியமையாதது.

2016இல் மிராய் என்னும் தீநிரல் எண்ணற்ற கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அதன் உத்தி மிக எளியது: தொழிற்சாலையில் இட்ட பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் ஏறத்தாழ 60 கொண்ட ஒரு பட்டியலை ஒவ்வொரு கருவியிடமும் சொல்லிப் பார்த்தது. மாற்றாதவர்களின் கருவிகள் திறந்துகொண்டன. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அக்கருவிகள் ஒன்றுசேர்ந்து நடத்திய தாக்குதலில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்களைப் பலரால் அணுக இயலாமற்போனது. கருவிகளின் உரிமையாளர்கள் பலருக்கு இச்செய்தியே தெரிந்திராது.

நிறுவும் முறை

செயலி வழியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்களுக்கான வரிசை இது.

1. மென்பொருள் புதுப்பிப்புகளைத் தொடர்ந்து வெளியிடும் நிறுவனத்தின் கேமராவை வாங்குங்கள். நிறுவனத்தின் பெயரோ முகவரியோ இல்லாத மலிவுக் கருவிகளைத் தவிர்த்துவிடுங்கள். பிறர் பயன்படுத்திய கேமராவை வாங்க வேண்டாம்.

2. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் முதலில் மாற்றுங்கள். இவை இரண்டும் வேறுவேறானவை.

3. செயலியை உங்கள் கைபேசியின் அதிகாரபூர்வக் கடையிலிருந்தே தரவிறக்குங்கள். கணக்கை நோயாளியை முதன்மையாகக் கவனிக்கும் உறவினரின் பெயரில் தொடங்குங்கள். கேமரா பொருத்த வந்தவரின் பெயரிலோ எண்ணிலோ தொடங்க விடாதீர்கள்.

4. கேமராவிலுள்ள கியூ.ஆர். குறியீட்டைக் கைபேசியில் காட்டி இணையுங்கள். பல கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே ஏற்கும். இணையாவிட்டால், ரவுட்டரில் அவ்வலைவரிசை இயங்குகிறதா என்று பாருங்கள்.

5. வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல்லை வையுங்கள். பிறந்த நாள், வாகன எண், குலதெய்வத்தின் பெயர் ஆகியவை வேண்டாம். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்தால் நினைவில் நிற்கும். பிறரால் ஊகிக்கவும் இயலாது.

6. இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். அதன்பின் கடவுச்சொல் ஒருவருக்குத் தெரிந்துவிட்டாலும், உங்கள் கைபேசிக்கு வரும் எண்ணின்றி அவரால் எளிதில் நுழைய இயலாது.

7. மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை இயக்குங்கள்.

8. ரவுட்டரில் யு.பி.என்.பி. என்னும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். வீட்டிலுள்ள கருவிகள் உங்களைக் கேளாமலே வெளிவாசலைத் திறந்துகொள்ள அது இடமளிக்கிறது.

9. உடன்பிறந்தவர்களுக்கு உங்கள் கடவுச்சொல்லைச் சொல்லாதீர்கள். செயலியிலுள்ள பகிர்தல் வசதி மூலம் அவரவர் கணக்கிற்கு அனுமதி அளியுங்கள். பின்னர் வேண்டாதபோது ஒருவரை மட்டும் நீக்க இது வழிசெய்யும்.

10. இறுதியாகச் சோதித்துப் பாருங்கள். வீட்டில் வைஃபையோடு இணைந்திருக்கும்போது படம் தெரிவது சோதனையாகாது. கைபேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பாருங்கள். அப்போதும் படம் வந்தால்தான் வெளியூரிலும் வரும்.

படம் தெளிவாகவும் தடையின்றியும் வர

கட்டிலின் இருபக்கமும், கட்டிலிலிருந்து கழிப்பறைக்குச் செல்லும் தடமும் தெரியும்படி, சற்று உயரத்தில் கேமராவை வையுங்கள். முகத்தை அருகில் காட்டுவதைவிட, எழுந்து நடக்கும் பாதையைக் காட்டுவதே பயன் தரும். இரவில் கேமரா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கிறது. கேமராவுக்கு மிக அருகே கொசுவலை இருந்தால் அவ்வொளி வலையில் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெளுத்துவிடும். விளக்கணைத்த பின் ஒருமுறை பார்த்து இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

அசைவு கண்டால் கைபேசிக்கு அறிவிப்பு வரும் வசதி பெரும்பாலான கேமராக்களில் உண்டு. மின்விசிறியால் அசையும் திரைச்சீலையும் அறிவிப்பை எழுப்பும். நாளுக்கு நூறு வெற்று அறிவிப்புகள் வந்தால், நூற்றொன்றாவதை எவரும் பார்க்கமாட்டார்கள். ஆகவே, படத்தில் கட்டிலின் ஓரத்தையும் வாயிலையும் மட்டும் குறித்து, அவ்விடங்களின் அசைவுக்கே அறிவிப்பு வருமாறு அமையுங்கள்.

நொடிக்கு 2 மெகாபிட் அளவில் அனுப்பும் கேமரா ஒரு மணி நேரத்தில் 0.9 ஜி.பி., ஒரு நாளில் ஏறத்தாழ 21.6 ஜி.பி. தரவை அனுப்பும். எப்போதும் இணையத்தில் பதிவு செய்தால், அளவுள்ள இணையத் திட்டம் சில நாட்களிலேயே தீர்ந்துவிடும். கேமராவினுள் மெமரி கார்டில் பதிவு செய்து, தேவைப்படும்போது மட்டும் நேரடியாகப் பார்ப்பது சிக்கனமானது. இவ்வளவில் இடைவிடாது பதிவு செய்தால், 64 ஜி.பி. கார்டு மூன்று நாட்களுக்குள் நிறைந்து, பழைய பதிவின்மேல் புதியது எழுதப்படும்.

மின்சாரம் நின்றால் கேமராவோடு ரவுட்டரும் நின்றுவிடும். இரண்டையும் இன்வெர்ட்டரிலோ சிறு யு.பி.எஸ்.ஸிலோ இணையுங்கள்.

பதிவு மருத்துவருக்கு உதவும் தருணங்கள்

மூளை இரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தில், அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் தரவேண்டும். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று: “கடைசியாக எப்போது நலமாக இருந்தார்?” தனியே இருந்த நோயாளிக்கு இதற்குப் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. காலை 6.10 மணிக்குத் தாமே எழுந்து தண்ணீர் குடித்தார் என்று பதிவு காட்டினால், சிகிச்சை முடிவுக்கு அது பெருந்துணையாகும். அதற்காகவே கேமராவின் நேரம் இந்திய நேரத்தில் சரியாக உள்ளதா என்பதை மாதம் ஒருமுறை பாருங்கள். ஆனால் பதிவைத் தேடுவதற்காக நோயாளியை அழைத்து வருவதைத் தாமதிக்காதீர்கள். அவர் வழியில் இருக்கும்போதே வெளியூரிலிருப்பவர் தேடிச் சொல்லலாம்.

வலிப்பு, திடீர் மயக்கம், விழுதல் ஆகியவற்றின் காட்சியும் அவ்வாறே உதவும். பார்த்தவர் பதற்றத்தில் சொல்வதைவிட, கை எப்பக்கம் இழுத்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைப் பதிவு தெளிவாகக் காட்டும். அக்காட்சியை மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டாம்.

கேமராவால் ஆகாதவை

கேமரா நாடித்துடிப்பையோ உயிர்வளி அளவையோ அறியாது. போர்வைக்குள் இருப்பவர் உறங்குகிறாரா, நினைவிழந்து கிடக்கிறாரா என்பதைப் படத்தைக் கொண்டு உறுதிசெய்ய இயலாது. இணையம் தாமதித்தால் அறிவிப்பும் தாமதிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் நானூறு கிலோமீட்டர் தொலைவில் இருந்து பார்ப்பதால் விழுந்தவர் எழப்போவதில்லை. பத்து நிமிடத்தில் அவ்வீட்டை அடையக்கூடிய ஒருவர் இருந்தால்தான் இந்த ஏற்பாடு முழுமை பெறும். அத்தகைய அண்டை வீட்டார் இருவரிடம் முன்கூட்டியே பேசி, ஒரு சாவியையும் கொடுத்துவையுங்கள். அவர்களின் எண்களோடு 108 எண்ணையும் குடும்பத்தினர் அனைவரும் குறித்துக்கொள்ளுங்கள். வெளிமாநிலத்திலிருந்து 108ஐ அழைத்தால் அழைப்பு நோயாளியின் ஊருக்குச் செல்லாமல் போகலாம். ஆகவே அருகிலுள்ளவர் மூலம் அழைக்கச் செய்வதே உறுதியானது.

விழுந்தவருக்கு இடுப்பில் கடும் வலி இருந்தாலோ, ஒரு கால் குட்டையாகவும் வெளிப்பக்கம் திரும்பியும் தெரிந்தாலோ, அவரைத் தூக்கி நடக்கவைக்க முயல வேண்டாம் என்று உதவிக்கு வருபவரிடம் சொல்லுங்கள்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. பார்க்க முடிகிறது என்பதால் பேசுவது குறைந்துவிடக் கூடாது. படத்தில் அம்மா உண்பதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுக்காமல் இருந்தால், அவருக்கு அது உங்கள் அழைப்பு வராத நாளாகவே கழியும்.

ஐயம் எழுந்தால், தேவை முடிந்தால்

கேமரா தானாகத் திரும்பினாலோ, அதிலிருந்து அறியாத குரல் கேட்டாலோ, கணக்கில் அறியாத கைபேசி காணப்பட்டாலோ, முதலில் கேமராவின் மின்னிணைப்பைத் துண்டியுங்கள். பின்னர் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். தேசிய இணையக் குற்ற உதவி எண் 1930இல் புகார் அளிக்கலாம்.

பணியிலிருந்து விலகிய செவிலியருக்கு அனுமதி அளித்திருந்தால் அன்றே நீக்குங்கள். நோயாளி தேறிவிட்டால் கேமராவை அறையிலிருந்து அகற்றிவிடுங்கள். பிறருக்குக் கொடுக்குமுன் கணக்கிலிருந்து நீக்கி, தொழிற்சாலை அமைப்புக்கு மீட்டமைத்து, மெமரி கார்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பும் நாளில் மருத்துவக் குழுவிடம் கேட்க வேண்டியவை

எங்கள் நோயாளியிடம் எந்த அறிகுறிகளைத் தொலைவிலிருந்து கவனிக்க வேண்டும்? எந்த அறிகுறி கண்டால் காத்திராமல் உடனே அழைத்து வரவேண்டும்? இரவில் எந்த எண்ணை அழைக்க வேண்டும்? இம்மூன்றுக்கும் விடையை எழுதி வாங்கி, ஒரு படியை நோயாளியின் கட்டிலருகே ஒட்டுங்கள். மற்றொன்றைப் படமெடுத்து, கேமராவைப் பார்க்கும் ஒவ்வொருவரின் கைபேசியிலும் வையுங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்தவருக்கே கேமரா பயன்படும்.